பண்டிகைப் பட்டியல் இல்லாத ஆண்டு: பெந்தெகொஸ்தே சபையின் காலங்களும் கூட்டு ஜெபமும்

மற்ற திருச்சபைகளில் பழகிய ஒருவர், பரிசுத்த ஆவியானவரின் வரங்களை அழுத்திச் சொல்லும் பெந்தெகொஸ்தே சபைக்கு வந்தால் முதலில் தேடுவது ஆண்டின் அடையாளங்களைத்தான். ஈஸ்டருக்கு முன் வரும் துக்க காலமான லெந்தின் ஊதாத் துணி இருக்காது. லெந்தைத் தொடங்கிவைக்கும் சாம்பல் புதன் இருக்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்புக் காலமான அட்வெந்தில் மெழுகுவத்தியை வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. இன்ன ஞாயிற்றுக்கு இன்ன வேதபாடம் என்று அச்சிட்ட அட்டவணை கிடையாது. கிறிஸ்துமஸையும் புனித வெள்ளியையும் ஈஸ்டரையும் பல சபைகள் ஆசரிக்கின்றன; அவையும் வேண்டாம் என்று விட்டுவிடுகிற சபைகளும் இருக்கின்றன. சபைக்குப் பெயர் தந்த பெந்தெகொஸ்தே ஞாயிறேகூடச் சில இடங்களில் மற்ற ஞாயிறுகளைப்போலக் கடந்துபோகிறது. காரணம் கேட்டால், "நாட்களையும், மாதங்களையும், காலங்களையும், வருஷங்களையும் பார்க்கிறீர்களே" என்று பவுல் கலாத்தியரிடம் வருத்தப்பட்டதைக் காட்டுவார்கள்.

இதை வைத்து, இந்தச் சபைகளுக்கு எல்லா நாளும் ஒன்றுதான் என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. ஓர் ஆண்டு கூடவே இருந்து பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. வருஷக் கடைசி இரவில் விழித்திருக்கிறார்கள். ஜனவரியில் உபவாசம். வாரத்தில் ஒருநாள் உபவாச ஜெபம், மாதத்தில் ஒருமுறை முழு இரவு ஜெபம், பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளுக்கான ஜெபம், விடுமுறையில் முகாம், ஆண்டுக்கொருமுறை கன்வென்ஷன், அறுவடை முடிந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை என்று அவர்களுடைய ஆண்டு நெருக்கமாகவே ஓடுகிறது. அந்த ஆண்டை வகுப்பது ஜெபம். அதிலும் எல்லாரும் வாய்விட்டுச் சேர்ந்து ஏறெடுக்கிற ஜெபம். யாருக்கு எப்போது என்ன மனப்பாரம் வருகிறதோ, அது சபை முழுவதற்கும் காலமாகிவிடுகிறது. பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்நியபாஷையையும் (ஆவியானவரின் ஏவுதலால், கற்காத மொழியில் பேசுவது) சுகமளிக்கும் கூட்டங்களையும் மட்டும் பார்த்துவிட்டு இதைத் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

அறுவடை நாளும் பின்மாரியும்

பெந்தெகொஸ்தே முதலில் யூதர்களின் அறுவடைத் திருநாள். முதற்கதிர்க்கட்டை அசைவாட்டிய நாளிலிருந்து 7 வாரங்களை எண்ணி, 50-ம் நாளில் புதிய மாவினால் சுட்ட 2 அப்பங்களைக் கர்த்தருக்குக் கொண்டுவர வேண்டும் என்று லேவியராகமம் 23-ம் அதிகாரம் சொல்கிறது. வாற்கோதுமை அறுப்பில் தொடங்கி கோதுமை அறுப்பு வரை நீளும் காலம் அது. அப்போஸ்தலர் 2-ம் அதிகாரத்தில், சீஷர்கள்மேல் ஆவியானவர் இறங்கிய நாளில், பல தேசத்து யூதர்கள் எருசலேமில் கூடியிருந்ததற்குக் காரணமும் இந்தப் பண்டிகைதான். உயிர்த்தெழுந்த இயேசு 40 நாள் சீஷர்களுக்குக் காணப்பட்டு, பின்பு பரமேறினார். அங்கிருந்து பண்டிகைக்குச் சுமார் 10 நாள் இடைவெளி. அந்த நாட்களில் ஏறக்குறைய 120 பேர் காத்திருந்தார்கள். "ஒருமனப்பட்டு, ஜெபத்திலும் வேண்டுதலிலும் தரித்திருந்தார்கள்" என்று வேதம் சொல்கிறது. இன்று பெந்தெகொஸ்தே சபைகள் நடத்தும் காத்திருப்புக் கூட்டங்களுக்கெல்லாம் மாதிரி இந்தப் பத்து நாள்தான்.

வானிலையிலிருந்து வந்த இன்னொரு படம் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்ககால மக்களை ஆட்கொண்டது. இஸ்ரவேல் தேசத்தில் அக்டோபர், நவம்பர் வாக்கில் பெய்யும் முன்மாரி காய்ந்த நிலத்தை இளக்கி விதைப்புக்குத் தயாராக்கும். மார்ச், ஏப்ரலில் வரும் பின்மாரி கதிர் முற்ற உதவும். அது பெய்த பிறகு அறுவடைக்கு நாள் அதிகம் இருக்காது. முன்மாரியையும் பின்மாரியையும் தருவேன் என்ற யோவேலின் தீர்க்கதரிசனத்தை 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெந்தெகொஸ்தேயினர் தங்கள்மேல் வைத்துப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் காலத்தில் பொழிந்த ஆவியானவர் முன்மாரி, தங்கள் நாட்களில் பொழிவது பின்மாரி என்று நம்பினார்கள். தங்கள் இயக்கத்தையே பின்மாரி என்று அழைத்தார்கள்.

உலக சரித்திரம் முழுவதையும் ஒரே ஒரு விவசாய ஆண்டாகப் பார்த்து, அதன் கடைசி வாரங்களில் தாங்கள் நிற்பதாக நினைத்தவர்களுக்கு, ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் பண்டிகை வட்டத்தில் நாட்டம் குறைந்தது இயல்பே. அவர்களுடைய அவசரம் வேறு. ஆனால் அந்த மழைப் படத்துக்குள்ளேயே ஜெபத்துக்கும் ஓர் இடம் இருந்தது. "பின்மாரிகாலத்து மழையைக் கர்த்தரிடத்தில் வேண்டிக்கொள்ளுங்கள்" என்கிறது சகரியா 10:1. காலம் வந்துவிட்டது என்பதற்காகக் கேட்காமல் இருந்துவிட முடியாது. காலம் வந்ததே கேட்பதற்குத்தான் என்று அதை வாசித்தார்கள். சபையின் ஆண்டில் ஒவ்வொரு பருவமும் ஒரு ஜெபத்தோடு வருவதற்கு வேர் இங்கே இருக்கிறது.

வருஷத்தின் கடைசி இரவு

இந்த ஆண்டில் மிகப் பெரிய நாள் எது என்று கேட்டால், பெரும்பாலான சபைகளில் டிசம்பர் 31 இரவு என்றே பதில் வரும். அந்த இரவின் சரித்திரம் இயக்கத்தைவிட நீளமானது. மொராவியச் சபையினர் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் 1733-ல் வருஷக் கடைசி விழிப்பு ஆராதனையை நடத்தினார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அந்த வழக்கத்தை மெதடிஸ்டுகளிடம் கொண்டுவந்தபோது முதலில் அது வருஷக் கடைசியோடு கட்டப்பட்டிருக்கவில்லை. 1742 ஏப்ரலில் லண்டனில் நடந்த முதல் விழிப்பு இரவைப் பற்றித் தன் நாட்குறிப்பில் எழுதும்போது, பௌர்ணமிக்கு மிக நெருங்கிய வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பதாகக் குறிப்பிடுகிறார். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு வீடு திரும்ப நிலா வெளிச்சம் இருக்க வேண்டுமே! முழு இரவு ஜெபத்தின் தேதியைக் குறித்தது, நடந்து வருகிற ஏழைகளின் வசதி.

அமெரிக்காவின் கறுப்பின மக்களுக்கு 1862 டிசம்பர் 31 இன்னொரு பொருளைக் கொடுத்தது. மறுநாள், 1863 ஜனவரி 1 அன்று, அடிமைகளுக்கான விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வரவிருந்தது. அதற்காக ஆலயங்களில் விழித்திருந்து ஜெபித்தார்கள். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட பெற்றோருக்கு 1870-ல் லூயிசியானாவில் பிறந்தவர் வில்லியம் ஜோசப் சீமூர். பின்னாளில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசூசா தெரு எழுப்புதலை நடத்தியவர் இவரே.

இயக்கத்தின் பிறந்தநாள் என்று பலரும் குறிப்பிடுவதும் ஒரு புத்தாண்டுதான். கான்சாஸ் மாநிலம் டொபீகாவில் சார்லஸ் பார்ஹாம் நடத்திய பெத்தேல் வேதாகமப் பள்ளியில் 1900 டிசம்பர் 31 விழிப்பு இரவு நடந்தது. அதைத் தொடர்ந்து 1901 ஜனவரி 1 அன்று மாணவி ஆக்னஸ் ஓஸ்மன், தன்மேல் கைகளை வைத்து ஜெபிக்கும்படி கேட்டார், அந்நியபாஷையில் பேசினார். பின்னால் வந்த சபைகள் வருஷக் கடைசி இரவை விடாமல் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஜனவரி உபவாசத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அது இந்தியாவோடு தொடர்புடையது என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. பஞ்சாபின் லூதியானாவில் ஊழியம் செய்த மிஷனெரிகள், 1860 ஜனவரியில் ஒரு வாரம் உலகமெங்கும் கிறிஸ்தவர்கள் ஒரே நேரத்தில் ஜெபிக்க வேண்டும் என்று 1858-ல் அழைப்பு விடுத்தார்கள். அது பரவி, ஆண்டுத் தொடக்கத்து ஜெப வாரமாக நிலைத்தது. பெந்தெகொஸ்தே சபைகள் அதோடு உபவாசத்தையும் இறுகச் சேர்த்தன. 3 நாள், 7 நாள், 21 நாள் என்று சபைக்குச் சபை மாறும். 21 நாளுக்கு ஆதாரம் தானியேல் 10-ம் அதிகாரம்: மூன்று வாரம் முழுவதும் ருசிகரமான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் தொடாமல் தானியேல் துக்கித்திருந்தான். இதைப் பின்பற்றுகிறவர்களில் பலர் முழுப்பட்டினி இருப்பதில்லை. ஒரு வேளையை விடுவார்கள், அல்லது எளிய மரக்கறி உணவோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், முதியவர்கள் ஆகியோர் உபவாசம் இருக்க முடியாதபோது அதை விசுவாசக் குறைவாகப் பார்க்கும் போக்கு சில இடங்களில் உண்டு. அது தவறு, ஆபத்தும்கூட. அவர்கள் சாப்பிட்டுவிட்டு ஜெபத்துக்கு வரட்டும் என்று கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்லும் போதகர் சபைக்குப் பெரிய நன்மை செய்கிறார்.

எல்லாரும் ஒரே நேரத்தில்

இனி கூட்டு ஜெபத்துக்கு வருவோம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மிகவும் புரியாதது இதுதான். "ஒருவர் ஜெபித்தால் மற்றவர்கள் கேட்டு ஆமென் சொல்லலாமே, ஏன் இத்தனை சத்தம்?" என்று கேட்பார்கள்.

ஒரு வாரநாள் உபவாச ஜெபத்தை எடுத்துக்கொள்வோம். பாடல்கள் முடிந்து, ஒரு வேதபகுதியை வாசித்துச் சுருக்கமாகப் பேசியாகிவிட்டது. ஜெபத்தை நடத்துகிற சகோதரி ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறார். இடப்பக்கம் தேதியும் விண்ணப்பமும். வலப்பக்கம் காலியாக விட்டது, பதில் வந்தால் எழுதுவதற்கு. விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருக்கும் ஒருவர், ஆறு மாதமாக வேலை இல்லாத ஒரு தகப்பன், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பாத மகன், பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள். எல்லாவற்றையும் ஒருசேர வாசித்துவிட்டுப் பொதுவாக ஜெபிப்பதில்லை. மூன்று நான்கு விண்ணப்பங்களை வாசித்ததும் நிறுத்தி, "எல்லாரும் வாய்திறந்து ஜெபிப்போம்" என்கிறார்.

முதல் சில விநாடிகளில் குரல்கள் தனித்தனியே கேட்கும். பக்கத்தில் முழங்காலில் நிற்கிற பெண் அந்தக் காணாமல்போன பையனின் பெயரைச் சொல்லி மன்றாடுவது காதில் விழும். பிறகு சத்தம் ஒன்றாகக் கலந்து உயரும். சிலர் தாய்மொழியில், சிலர் அந்நியபாஷையில், சிலர் ஒரே வார்த்தையை, "கர்த்தாவே, இரங்கும்" என்பதைத் திரும்பத் திரும்ப. அந்தப் பையனின் தாய் அங்கே இருக்கிறார். அவர் வாயிலிருந்து வார்த்தையே வரவில்லை, அழுகை மட்டும்தான். ஆனால் அவருடைய மகனின் பெயர் அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் கேட்கிறது. சில நிமிடங்களில் சத்தம் தானாகத் தணியத் தொடங்கும். அதைக் கவனித்திருந்து, நடத்துகிற சகோதரி ஒரு ஸ்தோத்திரப் பாடலின் முதல் வரியை மெல்ல எடுப்பார், அல்லது தான் மட்டும் சத்தமாக ஜெபித்து முடிப்பார். ஆமென். பக்கத்தைப் புரட்டி அடுத்த விண்ணப்பம்.

அமைதியான ஜெபத்தில் நான் உனக்காக ஜெபித்தேன் என்பதை நீ நம்பத்தான் வேண்டும். இங்கே அதைக் காதாலேயே கேட்கிறாய். தனக்காக இன்னொருவர் கண்ணீரோடு மன்றாடுவதைக் கேட்டவர் மறுவாரம் அவருக்காக ஜெபிக்காமல் இருக்க மாட்டார். வார்த்தை வராதவர்களுக்கும் இது இடம் கொடுக்கிறது. படிக்காதவர், கூச்சமுள்ளவர், புதிதாக வந்தவர் எல்லாருக்கும் அந்தச் சத்தம் ஒரு மறைவு. யாரும் தன்னை மட்டும் கவனிக்கவில்லை என்ற தைரியத்தில் வாய்திறப்பார்கள். தனியாக மைக்கைக் கொடுத்து ஜெபிக்கச் சொன்னால் நடுங்குகிறவர்கள் இங்கே தாராளமாக ஜெபிப்பதைப் பார்க்கலாம்.

வேத ஆதாரம் கேட்டால் அப்போஸ்தலர் 4:24-ஐச் சொல்வார்கள்: பேதுருவும் யோவானும் விடுவிக்கப்பட்டு வந்து நடந்ததைச் சொன்னபோது சபையார் "ஒருமனப்பட்டு தேவனை நோக்கிச் சத்தமிட்டு" ஜெபித்தார்கள். இந்த முறை பெந்தெகொஸ்தேயினருக்கு மட்டும் உரியதும் இல்லை. 1907 ஜனவரியில் கொரியாவின் பியாங்யாங் நகரில் பிரஸ்பிட்டேரியன் சபையார் நடுவே எழுந்த எழுப்புதலில் எல்லாரும் ஒருமித்து வாய்விட்டு ஜெபித்தார்கள். கொரியத் திருச்சபைகள் பலவற்றில் அது இன்றுவரை வேரோடி நிற்கிறது.

சத்தம் இருப்பதால் ஒழுங்கு இல்லை என்று நினைக்கக் கூடாது. எப்போது தொடங்குவது, எப்போது தணிவது, யார் முடிப்பது என்பதைச் சபை பழக்கத்தால் அறிந்திருக்கிறது. கூட்டத்துக்கென்று ஒருவர் அந்நியபாஷையில் செய்தி சொன்னால் அர்த்தம் சொல்ல ஆள் வேண்டும், இரண்டு அல்லது மூன்று பேருக்குமேல் பேசக் கூடாது என்று கொரிந்தியருக்கு எழுதிய நிருபம் வரம்பு கட்டுகிறது. "சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படக்கடவது" என்று அதே அதிகாரம் முடிகிறது. இந்த வரம்பைக் காக்கத் தெரிந்த மூப்பர்கள் இல்லாத இடத்தில் யார் சத்தம் பெரியது என்ற போட்டி வந்துவிடும். ஒலிபெருக்கியைக் கடைசிவரை திருகிவைப்பதும் அதே நோய்தான். பக்கத்தில் இருப்பவரின் ஜெபம் காதில் விழாதபடி ஸ்பீக்கர் அலறினால் அது கூட்டு ஜெபமாக இருப்பது நின்றுபோகிறது.

வீடு, மாதம், முகாம்

இயக்கத்தின் பெரிய நிகழ்வுகளுக்குப் பின்னால் பார்த்தால் எப்போதும் ஒரு சின்ன ஜெபக்கூட்டம் இருக்கும். 1860-ல் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் ஊழியத்தில் எழுந்த எழுப்புதலில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டன. டொபீகாவுக்கு 40 ஆண்டுகள் முந்தியது அது. 1905 ஜனவரியில் பண்டித ரமாபாய், பூனாவுக்கு அருகே கேட்காவ்னில் இருந்த முக்தி மிஷனில், தினமும் ஜெபிக்க முன்வரும் பெண்களைக் கேட்டார். சிறு குழுவாகத் தொடங்கிய அந்த ஜெபம் மாதக்கணக்கில் பெருகி, ஜூன் மாத இறுதியில் எழுப்புதலாக மூண்டது. பெரும்பாலும் இளம் விதவைகளும் பஞ்சத்தில் அநாதையான பெண்களும் வாழ்ந்த இடம் அது.

அசூசா தெருவும் அப்படித்தான். ஹூஸ்டனில் பார்ஹாமின் வகுப்பை இனப்பிரிவினை காரணமாக அறைக்கு வெளியே உட்கார்ந்து கேட்ட சீமூர், லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தபோது அவரை அழைத்த சபையே கதவை அடைத்தது. பானி பிரே தெருவில் ஒரு வீட்டில் சிலரோடு உபவாசித்து ஜெபித்தார். 1906 ஏப்ரல் 9 அன்று அங்கே ஆவியானவரின் அபிஷேகம் இறங்கியதாகச் சாட்சி சொன்னார்கள். கூட்டம் தாங்காமல் 312, அசூசா தெருவில் பழைய கட்டடம் ஒன்றுக்கு மாறினார்கள். ஒருகாலத்தில் ஆலயமாகவும் பிறகு குதிரை லாயமாகவும் இருந்த இடம். ஆணிப்பீப்பாய்களின்மேல் பலகை போட்டு உட்கார்ந்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மரப்பெட்டிகளே பிரசங்கபீடம். அதற்குள் தலையைக் கவிழ்த்துச் சீமூர் ஜெபித்துக்கொண்டிருப்பார் என்று பார்த்தவர்கள் எழுதினார்கள். காலையில் தொடங்கி நள்ளிரவு வரை நீண்ட அந்தக் கூட்டங்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நடந்தன.

ஆகவே வீட்டு ஜெபக்கூட்டத்தைச் சபையின் துணைநிகழ்ச்சி என்று நினைப்பது சரியல்ல. 1958-ல் கூடாரத்தில் தொடங்கிய சியோலின் யொய்டோ முழுச் சுவிசேஷ சபையில், போதகர் டேவிட் யாங்கி சோ 1964-ல் உடல் தளர்ந்து விழுந்தபோது, வீட்டுக் குழுக்களை நடத்தும் பொறுப்பைப் பெண்களிடம் ஒப்படைத்தார். உலகிலேயே மிகப் பெரிய சபைகளில் ஒன்றாக அது வளர்ந்ததில் அந்தப் பெண்களின் பங்கு மிகப் பெரிது. மேடையில் ஆண்கள் நின்றாலும் ஜெப நோட்டுப் புத்தகம் பெண்களின் கையில்தான் என்பது பல சபைகளில் இன்றும் உண்மை. அதற்குரிய மதிப்பைச் சபை நிர்வாகங்கள் இன்னும் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

மாதக் கணக்கும் உண்டு. நைஜீரியாவில் 1952-ல் தோன்றிய ரிடீம்டு கிறிஸ்தவ சபை, மாதத்தின் முதல் வெள்ளி இரவில் லாகோஸ்-இபாதான் நெடுஞ்சாலையோர முகாமில் பரிசுத்த ஆவி ஆராதனை நடத்துவதை வழக்கமாக்கியது. விடியும்வரை திரளான மக்கள் கூடியிருப்பார்கள். ஆண்டு கன்வென்ஷன் ஆகஸ்டில்.

முகாம் கூட்டங்களின் தேதியை முதலில் குறித்தது வயல் வேலை. அமெரிக்காவின் எல்லைப்புற விவசாயிகள் நடுவே 19-ம் நூற்றாண்டில் பரவிய முகாம் கூட்டங்கள் பெரும்பாலும் களையெடுப்பு முடிந்து அறுப்புக்குக் காத்திருக்கும் கோடைக் கடைசியில் நடந்தன. புகழ்பெற்ற கேன் ரிட்ஜ் கூட்டம் நடந்தது 1801 ஆகஸ்டில். வண்டி கட்டிக் குடும்பத்தோடு வந்து நாள்கணக்கில் தங்க அப்போதுதான் முடியும். மெதடிஸ்டுகளிடமிருந்து கிளைத்த பரிசுத்த இயக்கத்தின் வழியே இந்தப் பழக்கம் பெந்தெகொஸ்தேயினருக்கு வந்தது. இன்று வயலின் இடத்தில் பள்ளி விடுமுறை.

ஒரே பண்டிகை, வெவ்வேறு பருவம்

எருசலேமில் கோதுமை அறுக்கும்போது வருகிற பெந்தெகொஸ்தே, பூமியின் தென்பாதியில் குளிர் தொடங்கும்போது வருகிறது. சிலி நாட்டில் கோதுமை அறுப்பது டிசம்பர், ஜனவரியில். அந்தச் சிலிக்கு இயக்கம் போன வழியும் கேட்கத் தக்கது. முக்தி மிஷனில் ஊழியம் செய்த மின்னி ஏப்ரம்ஸ், அங்கே நடந்தவற்றை எழுதிய சிறுநூலைத் தன் பழைய தோழி மே ஹூவருக்கு அனுப்பினார். அவர் கணவர் வில்லிஸ் ஹூவர், வால்பராய்சோ நகரின் மெதடிஸ்ட் போதகர். அதை வாசித்து அவர்களுடைய சபை ஜெபிக்கத் தொடங்கி, 1909-ல் அங்கே எழுப்புதல் உண்டாயிற்று. மராத்தி பேசும் பெண்களின் ஜெபத்தைப் பற்றிய செய்தி, ஸ்பானிய மொழி பேசும் துறைமுக நகரத்தில், நேரெதிரான பருவங்களுள்ள நாட்டில், இன்னொரு ஜெபக்கூட்டத்தை எழுப்பியது.

பண்டிகைப் பட்டியலில் கட்டுண்ட ஆண்டைவிட, பாரத்தால் வகுக்கப்படும் ஆண்டு இடம்பெயர எளிது. மீனவர் சபையில் அது கடலுக்குப் போகாத மாதங்களைச் சுற்றி அமையும். ஆலைத் தொழிலாளர் சபையில் ஷிப்டைச் சுற்றி. மாணவர் சபையில் பரீட்சையைச் சுற்றி. மழை பொய்த்தால் மழைக்காக உபவாசம், நோய் பரவினால் அதற்காகச் சங்கிலி ஜெபம். சங்கிலி ஜெபம் என்றால் இருபத்துநான்கு மணி நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டு ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடர்வது. 1727-ல் ஹெர்ன்ஹூட்டில் 24 ஆண்களும் 24 பெண்களும் மணிக்கு மணி முறைவைத்துத் தொடங்கிய ஜெபம் நூறு ஆண்டுக்குமேல் நீடித்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனமும் இருக்கிறது. லெந்து காலம் உள்ள சபைகள் ஆண்டில் நாற்பது நாள் துக்கத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கின்றன. யாருக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அந்தக் காலம் வரும். பாரமும் ஜெயமும் மட்டுமே மாறி மாறி வரும் ஆண்டில், பதில் வராத ஜெபத்துக்கு எந்த நாள்? சாட்சி சொல்லும் நேரத்தில் சுகமானவர்கள் எழுந்து நிற்கிறார்கள்; சபை ஸ்தோத்திரம் சொல்கிறது. சுகமாகாமல் இறந்தவரின் மனைவி பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காகவும் இதே சபைதான் ஜெபித்தது. நோட்டுப் புத்தகத்தின் வலப்பக்கம் அங்கே காலியாகவே இருக்கிறது. "விசுவாசம் போதவில்லை" என்று அவரிடம் யாராவது சொல்லிவிட்டால் அந்தக் காயம் ஆறாது. சங்கீதங்களில் கணிசமான பகுதி புலம்பல் என்பதை நினைவில் வைத்து, சாட்சிகளோடு காத்திருப்பவர்களின் ஜெபத்துக்கும் நேரம் ஒதுக்குகிற சபைகள் இருக்கின்றன. இந்த வழக்கம் எல்லா இடத்துக்கும் பரவ வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மருந்தை நிறுத்தச் சொல்லி யாராவது தீர்க்கதரிசனம் சொன்னால் அதைத் தடுக்கிற துணிவும் மூப்பர்களுக்கு வேண்டும். யாக்கோபின் நிருபம் மூப்பர்களை வரவழைக்கச் சொல்கிறது. எண்ணெய்பூசி ஜெபிக்கச் சொல்கிறது. மருத்துவரை அனுப்பிவிடச் சொல்லவில்லை.

2020-ல் கொரோனா பெருந்தொற்று ஆலயக் கதவுகளை அடைத்தபோது ஜெபம் தொலைபேசிக்கும் காணொளிக்கும் போயிற்று; பல சபைகளில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிட்டது. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் பழைய சபையின் ஜெபக் குழுவில் தொடர்கிறார்கள். சங்கிலி ஜெபத்தில் யாரும் எடுக்காத அதிகாலை மூன்று மணியை, அங்கே பகலாக இருக்கிற ஒருவர் எடுத்துக்கொள்கிறார். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்திறந்தால் காணொளிச் செயலி ஒரு குரலை மட்டும் முன்னே தள்ளி மற்றவற்றை வெட்டிவிடுகிறது. அதனால் எல்லாரையும் மியூட் செய்துவிட்டு ஒருவர் மட்டும் ஜெபிக்கிறார். மேலே சொன்ன அந்தத் தாய்க்கு இப்போது மகனின் பெயர் ஒரு வாயிலிருந்துதான் கேட்கிறது. விண்ணப்பங்கள் எழுத்தில் பரவுவதால் இரகசியமும் கசிகிறது. ஒரு வீட்டின் கண்ணீர் மாலைக்குள் நான்கு குழுக்களைச் சுற்றிவந்துவிடும். பெயரையும் நோயையும் குழுவில் போடுமுன் சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தைக் கேட்பது என்று சில சபைகள் விதி வைத்திருக்கின்றன, நல்ல விதி. எண்ணெய்பூசுவதும் கைகளை வைத்து ஜெபிப்பதும் தொலைபேசியில் நடக்காது. அதற்கென்று இருவர் இருவராக வியாதியஸ்தர் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் போய்வருகிற முறையை, கூட்டங்கள் திரையில் நடந்த மாதங்களுக்குப் பிறகு, பல சபைகள் மறுபடியும் எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கின்றன.